லேகியம் இறங்கும் வரை

மாலை மணியின் முதல் மூன்று அடி விழுந்து அடங்கியதும் என் உதடு தானாக அசையத் தொடங்கிவிடும். சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாலும் சரி, பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாலும் சரி, கை நின்றுவிடும். காது மட்டும் முன்னால் போய் அடுத்த அடிக்காக வாசலில் நிற்கும்.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். கோயிலில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஜெப மணி அடிப்பார்கள். மூன்று அடி, ஓர் இடைவெளி, மூன்று அடி, மறுபடி இடைவெளி, மறுபடி மூன்று அடி. ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு மங்கள வார்த்தை (மாதாவை நோக்கிச் சொல்லும் சிறு ஜெபம்) சொல்லி முடிக்கலாம். மணி அடிக்கிற கோயில்பிள்ளை சூசையும் வாய்க்குள் அதைச் சொல்லியபடிதான் கயிற்றைப் பிடித்திருப்பார். அவருக்கு ஜெபம் முடிந்தால் ஊருக்கு மணி விழும். இந்த இடைவெளியைத்தான் நான் என் புருஷனின் வியாதிக்குத் தெர்மாமீட்டராக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வேறு எவரும் எனக்கு ஓர் அளவு தரவில்லை. கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்ததுதான் மிச்சம்.

பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன மாதம் பொன்னமராவதியிலிருந்து ஓர் அம்மாள் விசாரித்துக்கொண்டு வந்தார். அவருடைய தம்பிக்கும் இதே கதை. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி, நான் அன்று ஊர் முழுவதும் கேட்டுத் திரிந்த அதே கேள்வி: "இது எம்புட்டு நாளைக்கு இருக்கும் டீச்சர்?"

அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் இது.

என் வீட்டுக்காரர் சவரிமுத்து பஸ் டிரைவர். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல், இலுப்பூர் வழியாக விராலிமலை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பிள்ளைகள் இல்லை, வீட்டில் இரண்டே பேர். ஊர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது. அவரும் கேலியாக ஆரம்பித்து அப்படியே பழகிவிட்டார். காலையில் அவர் புறப்படும்போது நான் "பாத்து மெதுவாப் போங்க" என்பேன். அவர் "வாரேன் டீச்சர்" என்பார். டிரைவர் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அதற்குள் என்ன வில்லங்கம் இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

அவருக்கு வெகுநாளாகக் குடற்புண் (இரைப்பையின் உள்சுவரில் உண்டாகும் இரணம்). வேளை தப்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு வருவது. அந்த வருஷம் தைப்பூசக் கூட்டத்தில், விராலிமலை அடிவாரத்தில் ஒருவனிடம் ஒரு டப்பா லேகியம் வாங்கி வந்தார். கறுப்பாக, நெய் மினுங்க இருந்தது. சுக்கும் வெல்லமும் ஏலமும் மணக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், மழையில் நனைந்து மக்கிய தழையின் வாடை ஒன்று இருந்தது. நெல்லிக்காய் அளவு சாப்பிடச் சொன்னானாம்.

முதல் நாள் சாப்பிட்டு அரை மணி நேரம் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மிதித்தவுடன் பிரேக் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதி அவர். இன்னோர் உருண்டை போட்டுக்கொண்டார். அன்று மாலை பாயில் சாய்ந்தவர் மறுநாள் பொழுது ஏறித்தான் எழுந்தார். "வலியே இல்ல டீச்சர். தேவாமிர்தம்" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

சாம்பல் புதன் வந்தது. தவக்காலம் தொடங்கினால் அவர் பீடியைத் தொட மாட்டார், கறி மீன் கிடையாது, பகலெல்லாம் பட்டினி. அந்த வெறும் வயிற்றில் தினமும் ஓர் உருண்டை லேகியம் மட்டும் போகும். லேகியம் மருந்துதானே, விரதத்தில் சேருமா?

அவர் வாழ்நாளில் அப்படி ஒரு தவக்காலம் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதையில் ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழங்காலிட்டால் எழுந்திருக்க மனம் வராது. வெரோனிக்கம்மாள் ஆண்டவரின் முகத்தைத் துடைக்கும் படத்தின் முன்னால், தோள் குலுங்கக் குலுங்க அழுதார். ஜனங்கள் அடுத்த ஸ்தலத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். அவர் அங்கேயே இருந்தார். "ஒங்க வீட்டுக்காரரு ஞானியாயிட்டாரு டீச்சர்" என்று பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். சாமியாரும் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் புகழ்ந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் இல்லாமல்?

பெருமை பஸ்ஸில் போய் இடித்தது.

கண்டக்டர் மாணிக்கம் ஒரு நாள் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தான். "மைனி, அண்ணனுக்குக் கண்ணுல கோளாறா? மாட்டு வண்டி நம்ம பஸ்ஸ முந்திக்கிட்டுப் போவுது மைனி. வண்டிக்காரன் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறான்."

"ஏங்க, என்ன இது?" என்று அவரைக் கேட்டேன்.

"பறக்குறேன்டா! இதுக்கு மேல எங்கிட்டுப் பறக்குறது?" என்று மாணிக்கத்தின் மேல் பாய்ந்தார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே பறந்துகொண்டிருந்தார். ரோடு அவருக்குக் கீழே வெள்ளமாய் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் பஸ் நடந்தது.

அடுத்த வாரம் இலுப்பூரைத் தாண்டி நடு ரோட்டில் பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். "ஆடு தாண்டட்டும்" என்றாராம். ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆடு எதுவும் காணவில்லை. மாணிக்கம் இறங்கி நடந்திருக்கிறான். வெகு தூரத்தில், கருவேல மரத்தடியில், ஆடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. தாண்டுகிற எண்ணமே அவற்றுக்கு இல்லை. திரும்பி வந்து பார்த்தால் இவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருக்கிறார். "நல்ல வேளை, மயிரிழைல நிறுத்துனேன்" என்றாராம்.

முதலாளி அன்றே சாவியை வாங்கிவிட்டார்.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். "ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நமக்கு மருந்து என்றால் பாட்டில், மாத்திரை, ஊசி. லேகியம் மருந்தல்ல. கேட்பவர் விரதத்தைப் பற்றிக் கேட்டால் அது மருந்து. டாக்டர் கேட்டால் அது வீட்டுப் பண்டம். மூளையில் ஏதாவது கட்டி இருக்குமோ, திருச்சிக்குப் போகவேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்னார்.

வராந்தாவில் உட்கார வைத்தார்கள். மதிய நேரம். இவர் பையைத் திறந்து டப்பாவை எடுத்து, ஓர் உருண்டை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து டாக்டர் சாப்பாட்டுக்குக் கிளம்பி எங்களைத் தாண்டினார்.

"அது என்ன?"

"லேகியங்க. வயித்துக்கு."

டாக்டர் டப்பாவை வாங்கி முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். "யோவ், இது கஞ்சா."

"அய்யோ டாக்டர், நான் தவக்காலத்துல பீடி கூடத் தொடுறதில்லீங்க!"

டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்து பெஞ்சில் கைக்கட்டோடு இருந்தவரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றுதான் முதல் தடவை கேட்டேன்: "இது எத்தனை நாள் இருக்கும்ங்க?"

"புகைச்சா உடனே ஏறும்மா, சில மணி நேரத்துல இறங்கிடும். தின்னா அப்படி இல்ல. ஏறவே ஒரு மணி, ரெண்டு மணி ஆகும். அதனாலதான் ஒண்ணும் தெரியலன்னு இன்னொண்ணு போட்டுக்கிறாங்க. இறங்க ஒரு பகல் ஒரு ராத்திரிகூட ஆகலாம். இவர் தினமும் தின்னிருக்காரு. பட்டினி வயித்துல. அதுதான்..."

"அதுதான்?"

"பாக்கணும்."

"ஒரு மாசம்? ரெண்டு மாசம்?"

"நிறுத்துங்க. பாக்கணும். புஸ்தகத்துல இவ்வளவு நாள்னு போடலம்மா."

பார்க்கணும். அந்த ஒரு வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன். டப்பாவைக் குப்பைக்குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். காலமயக்கம் (நேரமும் தூரமும் நீண்டோ சுருங்கியோ தோன்றுவது) ஒன்றுதான் அவருக்கு என்று நினைத்திருந்தேன். நிறுத்திய பிறகு வந்தது வேறு.

தூக்கம் போயிற்று. பாய் நனைகிற அளவுக்கு வியர்த்தது. தூங்கினால் கனவு, அதுவும் சத்தம் போடும் கனவு. கஞ்சித் தட்டைத் தள்ளிவிட்டார். உப்பு அதிகம் என்றார். நான் உப்பே போட்டிருக்கவில்லை. பழகிய ஒன்றை நிறுத்தும்போது உடம்பு செய்கிற கலாட்டா அது, சில வாரத்தில் அடங்கும் என்று டாக்டர் இன்னொரு முறை பார்த்தபோது சொன்னார். "சில என்றால்?" என்றேன். என்னைப் பார்த்தார். அவருக்கும் அலுத்திருக்க வேண்டும்.

ஊரில் எல்லோரிடமும் பதில் இருந்தது. "புளியக் கரைச்சுக் குடுங்க மைனி, ஒரே நாள்ல இறங்கிரும்" என்றான் மாணிக்கம். கரைத்துக் கொடுத்தேன், குடற்புண் இருக்கிற வயிற்றில் புளி என்ன செய்யுமோ அதைச் செய்தது. ஒரு மண்டலம் என்றார் அடுத்த வீட்டுக்காரர். ரத்தத்தில் கலந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது என்றார் அவர் மனைவி, அதே வாசலில் நின்று, அதே மூச்சில். சாமியார் ஜெபிக்கச் சொன்னார். இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியவில்லை.

ஒரு மாலை அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அந்த அழுகையெல்லாம் லேகியமா டீச்சர்? வெரோனிக்கம்மா படத்துக்கிட்ட நான் அழுதது?"

அவர் முகம் அடி வாங்கிய பிள்ளையின் முகம் போல இருந்தது. "வெள்ளிக்கிழமை அழுததுக்குச் செவ்வாக்கிழமை விளக்கம் கேக்காதீங்க. சோறு ஆறுது" என்றேன். அவர் சாப்பிட்டார். அந்தக் கேள்வி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

முதலாளி வந்தார். ஈஸ்டருக்கு ஆவூரில் கூட்டம் சேரும், ஸ்பெஷல் பஸ் விடவேண்டும், அதற்குள் சரியாகிவிடுமா என்று கேட்டார். "டாக்டரு எழுதித் தர மாட்டேங்கிறாரு. நீங்க சரின்னு சொல்லுங்க டீச்சர், நான் ஏத்திக்கிறேன்."

"நான் என்ன டாக்டரா?"

"கூடவே இருக்கிறவுக நீங்கதானே? இன்னொருத்தரப் போட்டுட்டா அப்பறம் அவர எறக்க முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

ஆக, எல்லோரும் கையைக் கழுவிவிட்டு, ஒரு பஸ் நிறைய ஜனங்களை என் தலையில் ஏற்றி வைத்துவிட்டுப் போனார்கள். என் புருஷனின் கண்ணுக்குள் ரோடு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று நான் எப்படிப் பார்ப்பது? சரி என்று சொல்லி ஏதாவது ஆனால்? இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தால், ஸ்டீயரிங் இல்லாத அந்தக் கைகளை வீட்டில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? "சரியாப் போச்சு டீச்சர்" என்று அவர் தினமும் காலையில் சொன்னார். ஆடுகளுக்காக நின்ற அன்றும் அவர் சரியாகத்தான் இருந்தார், அவரைக் கேட்டால்.

மணி யோசனை அவரிடமிருந்தே வந்தது. "சூசைக்கு வயசாயிருச்சு, மணிக்கு நடுவுல தூங்கிடுறாரு" என்று ஒரு மாலை குறைப்பட்டார். "மூணு மங்கள வார்த்தை சொல்லிட்டேன், இன்னும் அடிக்கக் காணோம்." நான் ஒன்றுதான் சொல்லி முடித்திருந்தேன். சூசை தூங்கவில்லை.

அன்றிலிருந்து மாலை மணிக்கு இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி உட்காருவோம். மனதுக்குள் சொல்லவேண்டும். முடிந்ததும் தரையில் ஒரு தட்டு. என் தட்டும் மணியும் ஒன்றாக விழும். அவர் தட்டு முந்திவிடும். கொஞ்ச நாளில் அவர் தட்டு மணியோடு அச்சாகப் பொருந்த ஆரம்பித்தது. இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் திரும்பிப் பார்த்தேன். ஜெபம் எங்கோ போய்க்கொண்டிருக்க, காதைத் தீட்டிக்கொண்டு, மணி விழுந்ததும் தட்டுகிறார்!

"மாதா முன்னாடி களவாணித்தனமா?"

"ஈஸ்டர் வருதுல்ல டீச்சர்" என்றார், பாவமாக.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் வந்தது. அன்று பூசையோடு மணியின் நாக்கைக் கட்டிவிடுவார்கள். உயிர்ப்பு வரை மரக்கட்டைதான் தட்டும். என்னிடம் இருந்த ஒரே அளவும் வாயை மூடிக்கொண்டது. முதலாளி ஆள் அனுப்பினார். "இன்னும் இல்ல" என்று சொல்லி அனுப்பினேன். ஸ்பெஷல் பஸ்ஸைக் கீரமங்கலத்து டிரைவர் ஒருவர் ஓட்டினார். அது எங்கள் தெரு முனையில் ஹாரன் அடித்துக்கொண்டு போனபோது என் வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. போனால் அழுதிருப்பேன், அல்லது எதையாவது எடுத்து எறிந்திருப்பேன்.

ஈஸ்டர் காலத்தில் மாலை மணிக்கு வேறு ஜெபம் சொல்லவேண்டும். சூசை பழக்கத்தில் மங்கள வார்த்தையையே சொல்லி அடித்தார், நாங்களும் அளவுக்காக அதையே சொன்னோம். மாதா கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இப்போது அவர் ஏமாற்றவில்லை. கோபத்தில் ஒழுங்காகச் சொன்னார். அவர் தட்டு ஒரு நாள் முந்தும், ஒரு நாள் சேரும், மறுநாள் மறுபடி முந்தும். படிகளில் இறங்குவது போல இறங்கவில்லை அது. வீட்டை விட்டுப் போன பூனை போல அவ்வப்போது திரும்பி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. வியர்வை நின்றிருந்தது. சோறு இறங்கியது. ராத்திரி குறட்டை கேட்டது. அந்தச் சத்தத்துக்காக நான் ஸ்தோத்திரம் சொன்ன நாளும் உண்டு.

பிறகு அந்த மாலை. முதல் மூன்று அடி விழுந்தது. சொல்லத் தொடங்கினோம். இருவர் உள்ளங்கையும் ஒரே தட்டாகத் தரையில் விழுந்தன. அப்படி விழுந்ததே இல்லை. ஆனால் மணி விழவில்லை.

காத்திருந்தோம். முதுகில் அவர் மூச்சு நின்றது எனக்குத் தெரிந்தது.

"டீச்சர், திரும்ப வந்துருச்சு. எனக்கு அடிக்கவே இல்ல."

"எனக்கும் அடிக்கலங்க."

"பொய் சொல்லாத."

"சத்தியமா. எனக்கும் நேரமாச்சு."

இருவரும் அப்படியே இருந்தோம். ஊர் முழுக்க நின்றுவிட்டது போல இருந்தது. வெகு நேரம் கழித்து மணி விழுந்தது, கோணல்மாணலாக. மீதியையும் எப்படியோ அடித்து முடித்தார்கள். நான் தலைவிரிகோலமாகக் கோயிலுக்கு ஓடினேன். சூசை கயிற்றடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாக்கு தொண்டையில சிக்கிருச்சு டீச்சர். பாதி ஜெபத்துல உசுரே போயிருச்சு. ஏன், யாரும் ஏதாச்சும் சொன்னாகளா?"

நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவர் பயந்துவிட்டார். இத்தனை வாரமும் என் வீட்டுக்காரர் காலம் ஒரு பக்கம், என் காலம் ஒரு பக்கம் என்று ஓடிக்கொண்டிருந்தோம். சூசையின் தொண்டையில் சிக்கிய ஒரு பாக்குத் துண்டு எங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் காத்திருக்க வைத்தது.

இன்னும் சில மாலைகள் பார்த்தேன். தட்டுகள் பிரியவில்லை. முதலாளியிடம் போய் என் வாயால் சொன்னேன். பழைய ரூட் கீரமங்கலத்துக்காரரோடு போயிற்றுதான். விடியற்காலை முதல் வண்டி ஒன்று புதிதாக விட்டார்கள், அதைக் கொடுத்தார்.

பொன்னமராவதி அம்மாளுக்கு என்னிடம் நாள் கணக்கு இல்லை. மயக்கம் ஒரு பகலில் இறங்கும். அதன் நிழல் வாரக்கணக்கில் சுற்றும். போய்விட்டதென்று நினைக்கிற அன்று திரும்பி எட்டிப் பார்க்கும். அதுவரை வண்டியும் வேண்டாம், கிணற்றடியும் வேண்டாம். உங்கள் தம்பி சரியாகிவிட்டதாகச் சொன்னால் நம்பாதீர்கள், ஆனால் சொல்லட்டும். அவரோடு சேர்ந்து காத்திருக்க ஏதாவது ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.

எனக்கும் முழுக்கப் பழையபடி ஆகிவிடவில்லை. நான் ஓர் உருண்டைகூடத் தின்றவளில்லை, ஆனாலும் மணிக்கும் மணிக்கும் நடுவில் எவ்வளவு இடம் கிடக்கிறது என்று என் உடம்புக்குத் தெரிந்துபோயிற்று. பள்ளிக்கூட மணி, பால்காரரின் சைக்கிள் மணி, எதுவானாலும் மூச்சு ஒரு நொடி நின்று பார்க்கிறது.

அவர் திரும்ப வண்டி ஏறிய காலையில் தெரு முனை வரை போனேன். இஞ்சின் சூடாகிக்கொண்டிருந்தது. மாணிக்கம் படியில் நின்று விசில் வாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவர் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார், சிலுவை போட்டுக்கொண்டார், கியரில் கை வைத்தார். பிறகு தலையை வெளியே நீட்டினார்.

"என்ன டீச்சர், வழக்கமாச் சொல்றதச் சொல்லலையா?"

"மெதுவாப் போனதெல்லாம் போதும். நேரத்துக்குப் போங்க."